பானட்டுக்கு அடியில்: பெயிண்டுக்கு முன் என்ஜின் அறையைத் தயார் செய்தல்

என்ஜின் அறைக்கு அடித்த பெயிண்ட் ஒரே வருடத்தில் செதில் செதிலாக உரிந்து வந்தால், பெயிண்டையும் பெயிண்டரையும் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் இருவர் மேலும் தப்பில்லை. பெயிண்டுக்கு அடியில் எண்ணெய் இருந்திருக்கும். கதவும் கூரையும் வெயிலையும் மழையையும் மட்டும் தாங்கினால் போதும். பானட்டுக்கு அடியிலிருக்கும் தகடு என்ஜின் ஆயில், கிரீஸ், பிரேக் ஆயில், பேட்டரி அமிலம், சக்கரம் வாரி அடிக்கும் சேறு எல்லாவற்றையும் சூட்டோடு சேர்த்துக் குடித்திருக்கிறது. அதை வெளியே எடுப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும் நேரம் ஒரு பிற்பகல். அதற்கு முந்தைய வேலை பல நாள். இந்தக் கணக்கை மனதில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

எடுத்துக்காட்டுக்கு அம்பாசடரை வைத்துக்கொள்கிறேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான வண்டி. நம் ஊர்களில் டாக்ஸியாகவும் அரசு வாகனமாகவும் ஓடி ஓய்ந்து, இன்று வீட்டுக் கொட்டகைகளில் புதுப்பித்தலுக்குக் காத்திருப்பவை ஏராளம். பானட்டைத் திறந்தால் இரு பக்கமும் கை தாராளமாக உள்ளே போகும், ஆகவே கற்றுக்கொள்ள ஏற்றது. ஒன்றை மறக்கக் கூடாது: இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. உள் மட்கார்டில் துரு தின்ற ஓட்டை அழகுப் பிரச்சினை அல்ல, வண்டியின் பலம் சம்பந்தப்பட்டது. பிரீமியர் பத்மினிக்கும் மாருதி 800க்கும் வேலையின் வரிசை இதேதான்.

என்ஜினை இறக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். என்ஜின் வேலையும் சேர்ந்து வருகிறதென்றால் செயின் பிளாக் போட்டு இறக்கிவிடுங்கள். அதைவிடச் சிறந்த வழி இல்லை. என்ஜின் நன்றாக ஓடுகிறது, அறையை மட்டும் சீராக்க வேண்டும் என்றால் உள்ளே வைத்துக்கொண்டே செய்யலாம். அப்போதும் ரேடியேட்டர், பேட்டரி, ஏர் ஃபில்டர், ஹாரன் இவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். எதையும் கழற்றாமல், எல்லாவற்றையும் சுற்றிப் பேப்பர் ஒட்டிக் கறுப்பை அடித்துவிடும் வேலையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியை விற்பதற்கு முந்தின நாள் வேலை அது.

கழற்றும்போது

முதலில் கைபேசியை எடுங்கள். ஒவ்வொரு ஒயரும் ஹோஸும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கிட்டத்திலிருந்தும் தள்ளி நின்றும் படம் எடுங்கள். ஒயரின் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். அம்பாசடரின் ஒயரிங் பிரிட்டிஷ் முறையிலிருந்து வந்தது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேர் மின்சாரம், கறுப்பு என்றால் எர்த் என்று அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆனால் இத்தனை வருடங்களில் அந்த வண்டியில் கை வைத்த எலக்ட்ரீஷியன்கள் அன்றைக்குக் கையில் கிடைத்த ஒயரைச் சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றைச் சுற்றி, பேனாவால் பெயர் எழுதுங்கள். போல்ட் நட்டுகளைப் பகுதி பகுதியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

பேட்டரியில் எப்போதும் நெகட்டிவ் முனை முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் ஷார்ட் ஆகும், பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடிய இடத்தில் பொறி வரவே கூடாது.

ரேடியேட்டரை வடிக்கும்போது உள்ளே பச்சைத் தண்ணீர் இருந்தால் அது கூலன்ட். தரையில் விடாதீர்கள். அதிலுள்ள கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நச்சு. தெருநாயும் பூனையும் நக்கிக் குடித்து இறந்துபோகும். வாளியில் பிடித்து மூடி வையுங்கள்.

பிரேக் ஆயில் எங்காவது கசிந்திருக்கிறதா என்று தேடுங்கள். அது பெயிண்டைக் கரைக்கும். பெயிண்ட் கொப்பளித்து, தகடு வெளியே தெரியும் இடம் இருந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். பழைய கசிவைச் சரி செய்யாமல் புதுப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. இந்த எண்ணெய் தண்ணீரில் கரையும் வகை. எங்கே சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும்.

பிசுக்கை எடுப்பது

முழு வேலையிலும் முக்கியமான விதி இங்கேதான் வருகிறது: பிசுக்கு முழுவதும் போகும் வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள். எண்ணெய் படிந்த தகட்டைத் தேய்த்தால் உப்புத்தாள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை முறை துடைத்தாலும் கீறலின் அடியில் இருப்பது வராது. பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் மீன் கண் போலச் சிறு சிறு குழிகள் விழும். பட்டறையில் அவசரப்படுபவர்கள் இந்த வரிசையைத்தான் மாற்றிவிடுகிறார்கள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு தொடங்குங்கள். சூடான தகட்டில் கிளீனர் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். சூடான எக்ஸாஸ்டில் எண்ணெய்க் கரைப்பான் பட்டால் தீப்பிடிக்கும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டரின் வாய், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றுக்குப் பாலித்தீன் உறை போட்டு டேப்பால் இறுகக் கட்டுங்கள்.

முதல் சுற்று வறட்டு வேலை. ஆயிலும் புழுதியும் சேர்ந்து விரல் தடிமனுக்குக் கட்டியிருக்கும் கசடைப் பட்டி பிளேடாலும் மரத் துண்டாலும் சுரண்டி எடுத்துவிடுங்கள். சட்டத்தின் மடிப்புகளில், ஸ்டீயரிங் பாக்ஸைச் சுற்றி, என்ஜின் மவுண்டிங்குக்கு அடியில் இது நிறைய இருக்கும். கசடின் கன அளவில் பெரும்பகுதி இப்படியே போய்விடும். தண்ணீரையும் ரசாயனத்தையும் இதன் மேல் கொட்டிக் கரைக்க நினைப்பது அழுக்கை மற்ற இடங்களுக்கும் பரப்புவதில்தான் முடியும்.

இரண்டாவது சுற்றுக்கு எதைப் பயன்படுத்துவது? சர்வீஸ் ஸ்டேஷன்களில் டீசலை ஸ்ப்ரே செய்து கழுவும் பழக்கம் உண்டு. வண்டி பளபளப்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பே எண்ணெய்ப் படலம்தான். சர்வீஸுக்கு அது போதலாம், பெயிண்டுக்கு ஆகாது. மண்ணெண்ணெய் கிடைத்தால் கனத்த கிரீஸைக் கரைக்க உதவும். ஆனால் அதுவும் மெல்லிய படலம் விட்டுப் போகும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. பெட்ரோலை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதன் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. மண்ணெண்ணெய்க்கு அந்த எல்லை சுமார் 38 டிகிரி செல்சியஸ். வேலூரிலும் திருத்தணியிலும் மே மாத வெயில் அதையும் தாண்டிவிடும், ஆகவே மண்ணெண்ணெய் வேலையை அதிகாலையில் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் டீகிரீஸர் என்று விற்கும், தண்ணீரில் கரையும் கிளீனர்தான் என் தேர்வு. அடியிலிருந்து மேலாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் கழுவுங்கள். மூலை முடுக்குக்குப் பழைய பல் பிரஷ்ஷும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷும் போதும்.

காஸ்டிக் சோடா கலந்த கடும் கிளீனர்கள் இரும்புத் தகட்டுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். கார்புரேட்டர் உடல் போன்ற அலுமினிய வார்ப்புகள் பக்கத்தில் இருந்தால் அவற்றை உபயோகிக்காதீர்கள்.

மூன்றாவது சுற்று சோப்புத் தண்ணீர். சோப்பு ஆயில் அல்லது சாதாரணச் சோப்புத்தூள், வெந்நீர், ஸ்பாஞ்சு. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் சட்டத்துக்கும் மட்கார்டுக்கும் காட்டலாம். ஒயர் கட்டுகளுக்கும் ஆயில் சீல்களுக்கும் நேராகக் காட்டாதீர்கள். கழுவும் தண்ணீர் சாக்கடைக்கோ கிணற்றடிக்கோ போகாமல், கீழே தகரத் தட்டும் மரத்தூளும் வைத்து எண்ணெய்க் கசடைப் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பிறகு ஒரு சோதனை. சுத்தமான தண்ணீரைத் தகட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். கண்ணாடித் தாள் விரித்தது மாதிரி ஒரே படலமாக நின்று வடிந்தால் தகடு சுத்தம். அங்கங்கே ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி கழுவுங்கள். காசு செலவில்லாத சோதனை இது. இதில் தேறாத தகட்டுக்கு ப்ரைமர் அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

துடைக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்தான் எல்லாவற்றுக்கும். கிரீஸ் துடைக்க அது அருமையான பொருள். ஆனால் பின்னலாடைகளை மென்மையாக்கச் சிலிக்கோன் கலந்த மெருகு போடுவது வழக்கம். சாயத் துணியானால் தின்னர் பட்டுச் சாயமும் இறங்கும். பெயிண்டுக்கு முந்தைய கடைசித் துடைப்புக்குப் பலமுறை துவைத்துப் பழசான வெள்ளைப் பருத்தித் துணியை எடுங்கள், கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவங்களில் முக்கி எடுக்காதது. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் வகையறாக்களை வேலை முடியும்வரை கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். சிலிக்கோன் ஒரு துளி காற்றில் வந்தால்கூடப் பெயிண்டில் குழி விழும்.

பேட்டரி தட்டும் துருவும்

பழைய வண்டியில் மிக மோசமான இடம் பேட்டரி தட்டு. வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பது அமிலத்தின் எச்சம். தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள், நுரை பொங்கும். பொங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப ஊற்றி, பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். அமிலம் மிச்சமிருக்கும் தகட்டில் எந்த ப்ரைமரும் நிலைக்காது.

அடுத்து, விண்ட்ஷீல்டுக்குக் கீழே இலை தழை சேர்ந்து மக்கும் பள்ளமும், உள் மட்கார்டு ஃபயர்வாலோடு சேரும் தையலும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு உயிரோடு இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் முனையால் குத்திப் பாருங்கள். குத்து உள்ளே போகும் இடத்தைப் பட்டி போட்டு மூடுவது ஏமாற்று வேலை. அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரைக் கூப்பிடுங்கள். வெல்டிங்குக்கு முன் அந்தப் பக்கம் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே உபயோகித்திருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர்கள் வெல்டிங் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வாயுவாக மாறும். முழுக்கக் கழுவிக் காயவைத்த பிறகுதான் தீயை அருகில் கொண்டுவர வேண்டும்.

மேலோட்டமான துருவுக்குக் கம்பி பிரஷ்ஷும் 80 நம்பர் எமரித் தாளும் போதும். குழிகளுக்குள் இருக்கும் கடைசிக் கறுப்புத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம். டப்பாவில் சொன்னபடி கழுவவோ காயவிடவோ தவறக் கூடாது. அதன் மேல் எந்த ப்ரைமர் ஒத்துப்போகும் என்பதையும் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி ப்ரைமர் சரியாகக் கட்டிப்படாது.

சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, பட்டியும் பூசக் கூடாது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும். தொடங்கும் முன்பே அதைப் படம் எடுத்து, ஒரு தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதியும் எடுத்து வையுங்கள். வண்டியின் வெளி நிறத்தையும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பதிய வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது

பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் முழுவதையும் உரிக்கத் தேவையில்லை. அது என்ன பெயிண்ட் என்று மட்டும் பாருங்கள். துணியில் தின்னர் நனைத்து மறைவான இடத்தில் தேய்த்தால் நிறம் துணியில் ஏறுகிறதா? அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகையாகவோ சரியாக இறுகாத பெயிண்டாகவோ இருக்கும். அதன் மேல் நேரடியாகப் பி.யூ. (பாலியூரித்தேன்) அடித்தால் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருங்க வைக்கும். அப்படியானால் தகடு வரை உரித்துவிடுவதே நிம்மதி. என்ஜின் அறைக்குப் பெட்ரோலும் ஆயிலும் தாங்கும் பி.யூ.வைத்தான் நான் சொல்வேன், என்.சி. பெட்ரோல் சிந்தினாலே மங்கிவிடும்.

ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டின் விளிம்பை 180இல் தொடங்கி 320 வரை தேய்த்து, தடவினால் விரலுக்குப் படி தட்டாதபடி சரிவாக்குங்கள். ப்ரைமருக்கு 240 முதல் 320 போதும். ப்ரைமருக்கு மேல் நிறம் அடிக்கும் முன் 400 முதல் 600 வரை வாட்டர் பேப்பர். ஒயர் போகும் துளை, மடிப்பு, ஹோஸ் கிளிப் மூலை இங்கெல்லாம் தாள் நுழையாது. சிவப்பு ஸ்காட்ச் பிரைட் துண்டை விரலில் சுற்றித் தேயுங்கள். பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையையும் பாருங்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த தூள் பறக்கவிடாமல் தண்ணீர் வைத்தே தேயுங்கள், மூக்குக்கு முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மறைப்பது

மாஸ்கிங்குக்குச் செய்தித்தாளை ஒற்றைத் தாளாக ஒட்டாதீர்கள். தின்னர் ஊறி மையோடு அடியில் இறங்கும். பழுப்புக் கிராஃப்ட் தாள் நல்லது. போல்ட் மரைகள், ரப்பர் குரோமெட்டுகள், பிரேக் பைப்பின் முனைகள், மறுபடி ஒட்ட வேண்டிய லேபிள்கள் எல்லாவற்றையும் மூடுங்கள்.

பலர் மறப்பது எர்த் புள்ளிகளை. பேட்டரியின் எர்த் பட்டை உடலில் சேரும் இடம், என்ஜினிலிருந்து உடலுக்கு வரும் பட்டையின் இடம், ஹெட்லைட், ஹாரன் எர்த் திருகுகள் இவை வெறும் இரும்பாக இருந்தால்தான் மின்சாரம் திரும்பும். அழகாகப் பெயிண்ட் அடித்து முடித்த வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றாமல், லைட் மங்கலாக எரிந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இந்த வட்டங்களை முன்பே டேப் துண்டால் மூடி, கடைசியில் பட்டையை முறுக்கிய பின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

ப்ரைமர், அதுவும் அன்றைக்கே

வெறும் தகட்டை இரவு முழுக்கத் திறந்து போடக் கூடாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று சில மணி நேரத்தில் தகட்டை மஞ்சளாக்கிவிடும். ஆகவே அன்றைக்கு ப்ரைமர் அடிக்க முடிகிற அளவு மட்டும் தகடு வரை உரியுங்கள்; மீதி மறுநாளைக்கு.

அடிப்பதற்குச் சற்று முன் வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர் போட்டுத் துடையுங்கள். ஒரு கையில் நனைந்த துணி, மறு கையில் உலர்ந்த துணி. நனைத்துத் தடவிய இடம் காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். துணியை அடிக்கடி திருப்புங்கள், மாற்றுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், கையிலும் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள்.

வெறும் இரும்புக்கு எபாக்ஸி ப்ரைமரே என் சிபாரிசு. துருவைத் தடுக்கும், மேலே பட்டியும் போடலாம். தையல்களில் வெடித்துப்போன பழைய சீலரைச் சுரண்டி எடுத்திருப்பீர்கள். எபாக்ஸி காய்ந்த பின் புதுச் சீம் சீலரை அதன் மேல் போடுங்கள், வெறும் தகட்டின் மேல் அல்ல.

ஹார்டனர் கலக்கும் பி.யூ. பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைத் தாக்கும். ஒருமுறை ஆஸ்துமாவாகப் பிடித்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். துணி கட்டிக்கொள்வதும் மருத்துவ முகமூடியும் இதற்குக் காவல் ஆகாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி இல்லையென்றால், தயாரிப்பு வேலையை நீங்கள் முடித்துவிட்டு, பி.யூ. அடிப்பதை அந்த வசதியுள்ள பெயிண்டரிடம் விடுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் நிறைந்த நாளில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், என்.சி. பெயிண்ட் பால் வெள்ளையாகப் பூத்துப்போகும், எபாக்ஸி காய நாளாகும், வெறும் தகடு உங்கள் கண்ணெதிரே துருப்பிடிக்கும். அந்த மாதங்களில் கழற்றுவது, படம் எடுப்பது, பிசுக்கு நீக்குவது இவற்றைச் செய்யுங்கள். தகடு வரை உரிக்கும் வேலையைத் தை பிறந்த பிறகு, வெயில் வந்ததும் தொடங்குங்கள்.